தீச்சுவர் றவுட்டரின் உள்வலை முகவரியை மாற்றுதல்: கணனி அறை இணைப்பை இழக்காமல் செய்வது எப்படி?

கிளுவைவேலி (வினா)

அனைவருக்கும் வணக்கம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் நான், வலிகாமத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் கணனி அறையை ஓராண்டாகப் பொறுப்பாகப் பார்த்து வருகிறேன். அங்கே 14 கணனிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ரொறன்ரோவில் வாழும் எங்கள் ஊரவர்கள் அனுப்பி உதவியவை. சாதாரணதர வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் மாலை 4 மணிக்கு வந்து கடந்தகால வினாத்தாள்களைப் பார்த்துப் படிப்பதால், அறை ஒரு நாள் இயங்காவிட்டாலும் அவர்களுக்கு இழப்புத்தான்.

பழைய மேசைக் கணனி ஒன்றில் இரண்டாவது வலையட்டையைப் பொருத்தி, அதில் பிஎஃப்சென்ஸ் மென்பொருளை நிறுவி, அதையே தீச்சுவராக, அதாவது உள்வலைக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் ஃபயர்வாலாகப் பயன்படுத்துகிறோம். அதன் உள்வலை முகவரி, நிறுவும்போது தானாக வந்த 192.168.1.1. வெளிப்பக்கத்தில் இதுவரை ஒரு 4ஜி றவுட்டர் இருந்தது. அதன் முகவரி 192.168.8.1. அந்த ஏற்பாட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தன. சென்ற மாதம் ஃபைபர் இணைப்புக் கிடைத்தது. 4ஜி றவுட்டரைக் கழற்றி ஃபைபர் றவுட்டரைத் தீச்சுவருடன் இணைத்த கணத்திலிருந்து எந்தக் கணனியிலும் இணையம் இல்லை. 4ஜி றவுட்டரைத் திரும்பப் பொருத்தினால் இணையம் வந்துவிடுகிறது. ஃபைபர் றவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த தாளைப் படித்தபோதுதான் அதன் முகவரியும் 192.168.1.1 என்று தெரிந்தது.

ஆகவே தீச்சுவரின் உள்வலை முகவரியை மாற்ற வேண்டும் என்று விளங்கிக்கொண்டு, கடந்த சனிக்கிழமை உலாவியில் அதன் பக்கத்தைத் திறந்து, லான் (உள்வலை) பகுதியில் 192.168.10.1 என்று எழுதிச் சேமித்து, மாற்றத்தை நடைமுறைப்படுத்தும் பொத்தானையும் அழுத்தினேன். அத்துடன் பக்கம் உறைந்துவிட்டது. பழைய முகவரியிலும் திறக்கவில்லை, புதிய முகவரியிலும் திறக்கவில்லை. மற்றக் கணனிகளை மறுதொடக்கம் செய்தபோது அவற்றுக்கு 169.254 என்று தொடங்கும் முகவரிகள் வந்தன. இறுதியில் தீச்சுவருக்குத் திரையும் விசைப்பலகையும் பொருத்தி, அங்குள்ள பட்டியலின் 15 ஆம் தெரிவைக் கொண்டு முன்னைய அமைப்புக்குத் திரும்பினேன். இப்போது மீண்டும் 4ஜியில்தான் ஓடுகிறது.

பழைய முகவரியை நம்பியிருப்பவை இவை: வினாத்தாள்கள் இருக்கும் கோப்புச் சேவையகம் (192.168.1.20), அச்சுப்பொறி (192.168.1.50), வைஃபை பெட்டி (192.168.1.2), சிசிரிவி பதிவுப்பெட்டி (192.168.1.64). இவற்றுக்கெல்லாம் முகவரியைக் கையால் எழுதியிருக்கிறோம். ஃபைபர் வந்த பின்னர் ரொறன்ரோவிலுள்ள ஒரு மாமா தம் வீட்டிலிருந்து வி.பி.என். (இணையத்தின் ஊடான பாதுகாப்பான தனிவழி) வழியாக உள்ளே வந்து கணனிகளைப் பராமரிக்க உதவுவதாகவும் சொல்லியிருக்கிறார்.

என் கேள்விகள் இவைதாம். சனிக்கிழமை நான் எங்கே தவறினேன்? எந்த முகவரியைத் தெரிவுசெய்வது நல்லது? எதை முதலில், எதைப் பின்னர் மாற்ற வேண்டும்? மாற்றும்போது நான் எழுதிவைத்த தீச்சுவர் விதிகள் அழிந்துவிடுமா?

துலாக்கிணறு

வணக்கம் தம்பி. வினாவை இவ்வளவு விபரமாக எழுதியதால் பதில் சொல்வது இலகுவாகிறது. முதலில், ஃபைபர் றவுட்டரைப் பொருத்தியதும் இணையம் ஏன் நின்றது என்பதைப் பார்ப்போம். மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன.

ஒரே பெயருள்ள இரண்டு ஒழுங்கைகளுக்கு நடுவில் நிற்கும் தபால்காரரின் நிலைதான் உங்கள் தீச்சுவருக்கு. வெளியே போக வேண்டிய எல்லாவற்றையும் 192.168.1.1 இடம் கொடு என்று ஃபைபர் றவுட்டர் சொல்கிறது. ஆனால் 192.168.1.1 என்பது தீச்சுவரின் சொந்த முகவரி. தன்னிடமே கொடுக்க வேண்டிய பொதியை (வலையில் போகும் தரவுத் துண்டை) அது எப்படி வெளியே அனுப்பும்? அத்துடன் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம் உட்பக்கம்தான் இருக்கின்றன என்று அது நம்புகிறது. வெளிப்பக்கத்திலும் அதே தொடர் இருப்பதை ஏற்க அதற்கு வழியில்லை. 4ஜி றவுட்டர் 192.168.8 என்ற வேறு தொடரில் இருந்ததால்தான் இவ்வளவு காலமும் பிரச்சினை தலைகாட்டவில்லை.

சனிக்கிழமை நீங்கள் எழுதிய முகவரியில் பிழையில்லை. நீங்கள் சேமித்தபோது பக்கத்தின் மேற்புறத்தில், தேவையானால் டி.எச்.சி.பி. (கணனிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் சேவை) வீச்சையும் திருத்த மறக்க வேண்டாம் என்று ஓர் அறிவித்தல் வந்திருக்கும். லான் முகவரி 192.168.10.1 ஆகிவிட்டது, ஆனால் கணனிகளுக்கு முகவரி வழங்கும் சேவை 192.168.1.100 முதல் 192.168.1.199 வரையிலான பழைய வீச்சையே வைத்துக்கொண்டிருந்தது. தான் இருக்கும் வலையில் இல்லாத முகவரிகளை அச்சேவையால் வழங்க முடியாது. கேட்ட கணனிகளுக்குப் பதில் கிடைக்காததால், அவை 169.254 தொடரில் தாங்களே ஒரு முகவரியை இட்டுக்கொண்டன. அந்த எண்ணைக் கண்டாலே, முகவரி வழங்குபவர் பேசவில்லை என்று பொருள். உங்கள் சொந்தக் கணனியும் பழைய தொடரில் நின்றபடியால் புதிய முகவரியை எட்டவில்லை. அந்த நேரத்தில் அதற்குக் கையால் 192.168.10.5 என்று முகவரி கொடுத்திருந்தால் பக்கம் திறந்திருக்கும்.

முகவரித் தெரிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைப் பலர் அவசரத்தில் செய்துவிட்டு ஓராண்டுக்குள் மீண்டும் மாற்றுகிறார்கள். தனியார் வலைகளுக்கென மூன்று தொடர்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 1996 பெப்ரவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 1918 என்ற ஆவணம் அவற்றை வரையறுக்கிறது. 10.0.0.0 முதல் 10.255.255.255 வரை ஒன்று, 172.16.0.0 முதல் 172.31.255.255 வரை இன்னொன்று, 192.168.0.0 முதல் 192.168.255.255 வரை மூன்றாவது. கடைசித் தொடரில் 65,536 முகவரிகளே உள்ளன. முதல் தொடரிலோ 1,67,77,216. அப்படியிருந்தும் உலகத்து வீட்டு றவுட்டர்களில் மிகப் பெரும்பாலானவை 192.168.0 அல்லது 192.168.1 என்ற இரண்டு மூலைகளுக்குள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

ரொறன்ரோ மாமாவின் வீட்டு வலையும் 192.168.1 தொடராக இருந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர் வி.பி.என். இணைத்துவிட்டு 192.168.1.20 ஐத் திறக்க முயன்றால், அவருடைய கணனி அந்த முகவரி தன் வீட்டுக்குள் இருக்கிறது என்று கருதி அங்கேயே தேடும். பொதி கடல் கடந்து உங்கள் அறைக்குப் புறப்படவே மாட்டாது. ஆகவே யாரும் இலகுவில் தெரிவுசெய்யாத ஓர் இடத்தை எடுங்கள். 10.0.0 உம் 10.1.1 உம் பலர் கைபட்டவை, 172.17 தொடரை டொக்கர் மென்பொருள் இயல்பாக எடுத்துக்கொள்கிறது. 10.61.24.0 போன்ற ஒன்று போதும், தீச்சுவருக்கு 10.61.24.1, வலைமறைப்பு (முகவரியில் வலையைக் குறிக்கும் பகுதியைக் காட்டும் சப்நெட் மாஸ்க்) 24 பிட்டுகள். 172.32 அல்லது 192.169 என்று எழுதிவிடாதீர்கள். அவை தனியார் தொடருக்கு வெளியே உள்ளவை. யாரோ ஒருவரின் உண்மையான பொது முகவரிகளை மறைத்துக்கொண்டு நிற்பீர்கள்.

இனி ஒழுங்கு. டயக்னாஸ்டிக்ஸ் பகுதியிலிருந்து அமைப்பு முழுவதையும் ஒரு கோப்பாக இறக்கி, அதை யூ.எஸ்.பி. கோலில் வைத்துக்கொள்ளுங்கள், வலைவழியாக மட்டுமே எட்டக்கூடிய சேவையகத்தில் வைத்தால், தேவைப்படும் நேரத்தில் அது கைக்கு எட்டாது. மாற்றுவதற்கு முழுதாக ஒரு நாள் முன்னர், டி.எச்.சி.பி. வழங்கும் முகவரியின் குத்தகைக் காலத்தைக் குறைத்துவிடுங்கள். இயல்பாக அது 7200 வினாடிகள், அதிகபட்சம் 86,400 வினாடிகள். இரண்டையும் 300 ஆக்கினால், மாற்றிய பின்னர் எந்தக் கணனியும் 5 நிமிடத்துக்கு மேல் பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்காது. வேலை முடிந்ததும் பழைய அளவுக்குத் திருப்பிவிடலாம்.

மாற்றத்தை உலாவியில் செய்யாமல், திரையும் விசைப்பலகையும் பொருத்தித் தீச்சுவரின் முன்னாலேயே இருந்து செய்யுங்கள். நாம் இருக்கும் கிளையை நாமே வெட்டும் ஆபத்து அங்கே இல்லை. பட்டியலின் 2 ஆம் தெரிவு முகவரியை மாற்றுவதற்கானது. அது லான் முகவரியைக் கேட்கும், பின்னர் வலைமறைப்பின் பிட்டுகளைக் கேட்கும், அங்கே 24. அடுத்து மேல்நிலைக் கேற்வே (வெளியே போகும் வாயில்) எது என்று கேட்கும்போது எதையும் எழுதாமல் வெறுமனே என்ரர் விசையை அழுத்த வேண்டும். பலர் அங்கே ஃபைபர் றவுட்டரின் முகவரியை எழுதிவிடுகிறார்கள்; எழுதினால் தீச்சுவர் லான் பக்கத்தையும் வெளியுலகத்துக்கான வழி என்று எண்ணத் தொடங்கும், பின்னர் வரும் கோளாறுகளுக்கு மூலம் எதுவென்று கண்டுபிடிப்பது கடினம். பிறகு டி.எச்.சி.பி. வேண்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லி 10.61.24.100 முதல் 10.61.24.199 வரை கொடுங்கள். சனிக்கிழமை தவறிய படியை இந்தப் பட்டியல் தானாகவே கேட்டுவிடுகிறது. இறுதியாக, உலாவிப் பக்கத்தைப் பாதுகாப்பற்ற எச்.ரி.ரி.பி.க்கு மாற்றவா என்று கேட்பதற்கு வேண்டாம் என்று சொல்லுங்கள்.

விதிகள் அழியமாட்டா. மூலத்தை லான் வலை என்று பெயரால் குறித்த விதிகள் புதிய முகவரிக்குத் தாமாகவே மாறிக்கொள்ளும். 192.168.1.64 என்று எண்ணால் எழுதிய விதிகளும், துறைமாற்றங்களும் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளேயுள்ள ஒரு பெட்டிக்குத் திருப்பும் விதிகள்), முகவரி ஒதுக்கீடுகளும் எழுதியபடியே நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாக நீங்கள்தான் திருத்த வேண்டும்.

பனங்கூடல்

துலாக்கிணறு ஐயா சொன்னவை அனைத்தும் சரியானவை. ஆயினும் பரீட்சைக் காலத்தில் பிள்ளைகள் காத்திருக்கும்போது இன்னொரு குறுகிய வழியும் இருப்பதைத் தம்பிக்குச் சொல்ல விரும்புகிறேன். தீச்சுவரைத் தொடாமல், ஃபைபர் றவுட்டரின் உட்புற முகவரியை மாற்றிவிடலாம். அதற்குள் சென்று லான் முகவரியை 192.168.8.1 என்று பழைய 4ஜி றவுட்டரின் எண்ணுக்கே மாற்றினால், தீச்சுவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. கணனிகள், அச்சுப்பொறி, சேவையகம் எதையும் அசைக்க வேண்டியதில்லை. பத்து நிமிடத்து வேலை.

நான் ஒரு பாடசாலையில் இப்படிச் செய்து கொடுத்தேன், நெடுநாள் நன்றாக இருந்தது. பின்னர் ஒரு நாள் யாரோ அந்த றவுட்டரின் மீளமைப்புத் துளையில் ஊசியைக் குத்திவிட்டார்கள்; முகவரி 192.168.1.1 இற்குத் திரும்பிவிட்டது, பாடசாலை முழுவதும் இணையம் இல்லாமல் ஒரு காலைப்பொழுது போயிற்று. நிறுவனத்துக்குச் சொந்தமான பெட்டியை நிறுவனமும் தூரத்திலிருந்து மீளமைக்கக்கூடும். அத்துடன் ரொறன்ரோ வி.பி.என். மோதல் இவ்வழியில் தீராது. ஆகவே நெருக்கடி நேரத்துக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயா சொன்ன வழியிலேயே போவதானால், கைவேலையைக் குறைக்கும் ஒரு முறை உண்டு. இறக்கிய அமைப்புக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புத்தான். அதன் ஒரு பிரதியை எளிய தொகுப்பியில் திறந்து, 192.168.1. என்று வரும் இடங்களையெல்லாம், கடைசிப் புள்ளியையும் சேர்த்தே, 10.61.24. என்று மாற்றிச் சேமித்து, அதைத் தீச்சுவரில் மீட்டெடுக்கலாம். டி.எச்.சி.பி. வீச்சு, ஒதுக்கீடுகள், துறைமாற்றங்கள், வி.பி.என். இல் எழுதிய உள்வலை எல்லாம் ஒரே தடவையில் மாறிவிடும். தீச்சுவர் தானாக மறுதொடக்கம் செய்யும். புள்ளியை விட்டுவிட்டால் 192.168.10, 192.168.100 போன்றவையும் சிதைந்துவிடும் என்பதால் அதை மட்டும் கவனமாகப் பாருங்கள்.

கிளுவைவேலி

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை அந்த அறிவித்தல் வந்தது உண்மைதான். மஞ்சள் நிறத்தில் ஏதோ இருந்ததைப் பார்த்தும் படிக்காமல் பொத்தானை அழுத்தினேன்.

இன்னும் ஒரு தடை. வைஃபை பெட்டி சுவரின் உச்சியில், ஏணி வைத்துத்தான் எட்டக்கூடிய இடத்தில் இருக்கிறது. சிசிரிவி பதிவுப்பெட்டி பூட்டிய அலுமாரிக்குள் இருக்கிறது, திறப்பு நிலையத்தின் செயலாளரிடம். இரண்டுக்கும் முகவரியைக் கையால் எழுதியதால், தீச்சுவரை 10.61.24.1 இற்கு மாற்றிய கணத்திலேயே அவற்றை எட்ட முடியாமல் போய்விடும். ஒரே மாலையில் எல்லாவற்றையும் மாற்றி முடிப்பேனா என்று பயமாக இருக்கிறது. பழைய முகவரியும் புதிய முகவரியும் சில நாட்களுக்குச் சேர்ந்திருக்க வழியுண்டா?

துலாக்கிணறு

வழியுண்டு, ஆனால் அதை எந்த நேரத்தில் செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

பிஎஃப்சென்ஸ் ஒரே அட்டையில் ஒன்றுக்கு மேற்பட்ட முகவரிகளை வைத்திருக்க அனுமதிக்கிறது. ஃபயர்வால் பட்டியலில் மெய்நிகர் முகவரிகள் என்ற பக்கம் இருக்கும், அங்கே ஐ.பி. அலியாஸ் என்ற வகையைத் தெரிந்து, லான் அட்டையில் 192.168.1.1 ஐ 24 பிட்டு வலைமறைப்புடன் சேர்த்துவிடுங்கள். லான் முகவரி 10.61.24.1 ஆகிய பின்னரே இதைச் சேர்க்க வேண்டும். அதன் பிறகு தீச்சுவர் இரண்டு பெயர்களுக்கும் பதில் சொல்லும். புதிய தொடரிலுள்ள கணனியிலிருந்து 192.168.1.2 ஐத் திறந்தால், பொதி தீச்சுவருக்குப் போய், அங்கிருந்து அதே கம்பி வழியாக வைஃபை பெட்டிக்குப் போகும். ஏணி வேண்டாம், திறப்பும் வேண்டாம். ஒரு நிபந்தனை: அந்தப் பெட்டிகளில் கேற்வே என்ற இடத்தில் 192.168.1.1 எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த இடம் வெறுமையாக இருந்தால் கேள்வி போய்ச் சேரும், பதில் திரும்பி வராது. அப்படி ஏதேனும் பெட்டி மௌனமாக இருந்தால், ஒரு கணனிக்குத் தற்காலிகமாக 192.168.1.200 என்று கையால் முகவரி கொடுத்து நேராக அணுகுங்கள்.

இப்போது நேரத்துக்கு வருவோம். இந்தச் சேர்க்கையை 4ஜி றவுட்டர் வெளிப்பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே செய்யலாம். ஃபைபர் றவுட்டர் பொருத்தியிருக்கும்போது உட்பக்கத்தில் 192.168.1.1 ஐச் சேர்த்தால், நீங்கள் தீர்க்க வந்த அதே மோதலை மீண்டும் உண்டாக்கிவிடுவீர்கள். எனவே ஃபைபரைப் பொருத்தும் ஆசையைச் சில நாட்களுக்கு அடக்கி வையுங்கள். முதலில் 4ஜியுடனேயே லான் முகவரியை மாற்றுங்கள். பழைய முகவரியைத் துணையாகச் சேருங்கள். நான்கு பெட்டிகளையும் ஆறுதலாக ஒவ்வொன்றாகப் புதிய தொடருக்குக் கொண்டுவாருங்கள். பின்னர் துணைமுகவரியை நீக்கி, எல்லாம் இயங்குவதைப் பாருங்கள். கடைசியாக ஃபைபர் கம்பியை மாற்றிக் குத்துங்கள். நீங்கள் வினாவை எழுதும்போது ஃபைபர் பொருத்தப்படாமல் 4ஜியில் நின்றது உங்களுக்கு வாய்த்த நல்ல நிலை.

பனங்கூடல் சொன்ன எழுத்துமாற்று முறையை நானும் பெரிய இடங்களில் பயன்படுத்தியிருக்கிறேன். உங்களுக்கு நான்கு பெட்டிகளும் சில விதிகளும்தான். அவற்றைக் கையால் ஒவ்வொன்றாக மாற்றினால், அடுத்த முறை எது எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். ஆகவே இங்கே கைவேலையையே விரும்புவேன்.

மாற்றும்போதே இன்னொன்றையும் செய்துவிடுங்கள். அச்சுப்பொறியிலும் சேவையகத்திலும் கையால் எழுதிய முகவரியை நீக்கி, தானாகப் பெறும்படி விட்டு, தீச்சுவரின் டி.எச்.சி.பி. பக்கத்தில் அவற்றின் மெக் முகவரிக்கு (வலையட்டையின் வன்பொருள் எண்ணுக்கு) நிலையான ஒதுக்கீடு கொடுங்கள். ஒதுக்கும் எண் 100 முதல் 199 வரையான வீச்சுக்கு வெளியே இருக்க வேண்டும், 10.61.24.20, 10.61.24.50 என்று பழைய கடைசி எண்களையே வைத்தால் நினைவில் நிற்கும். அதன் பின்னர் டி.என்.எஸ். ரிசோல்வர் (பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவை) பக்கத்தில் சேவையகத்துக்கு ஒரு பெயர் எழுதி, 14 கணனிகளிலுமுள்ள குறுக்குவழிகளை அந்தப் பெயருக்கு மாற்றுங்கள். இன்னொரு நாள் முகவரி மாற வேண்டி வந்தால் 14 கணனிகளிடம் போக வேண்டியதில்லை, ஓரிடத்தில் மாற்றினால் போதும்.

வி.பி.என். அமைக்கும்போது உள்வலை என்ற இடத்தில் 10.61.24.0, 24 பிட்டுகள் என்று எழுதுங்கள். சுரங்கத்துக்கான (வி.பி.என். இணைப்புக்கான) தொடர் அதனுடனும் 192.168.1 உடனும் மோதாத மூன்றாவது ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு முன்னர் ஃபைபர் றவுட்டரின் நிலைப் பக்கத்தில் அதன் வெளிமுகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான தொடரில் இருந்தால், நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் வெளியிலிருந்து மாமா நேரடியாக உள்ளே வர முடியாது. பொது முகவரி ஒன்றை நிறுவனத்திடம் கேட்டுப் பெற வேண்டும். சிசிரிவி பெட்டிக்கு வெளியுலகிலிருந்து துறை திறந்து வைத்திருந்தால், தயவுசெய்து அதை மூடிவிடுங்கள். அத்தகைய பெட்டிகளின் கடவுச்சொற்களைத் தேடி அலைபவர்கள் இணையத்தில் ஏராளம். பிள்ளைகள் வந்துபோகும் அறையின் காட்சி அது. வி.பி.என். வந்த பின் அதன் வழியாகவே பார்க்கலாம்.

கிளுவைவேலி

பெரும்பகுதி முடிந்துவிட்டது என்பதை அறிவிக்கவே இதை எழுதுகிறேன்.

போயா தினத்தன்று வகுப்பு இல்லாததால் காலை 8 மணிக்குத் தொடங்கினேன். முதல்நாளே குத்தகைக் காலத்தை 300 வினாடிகளாகக் குறைத்திருந்தேன். 2 ஆம் தெரிவு கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் இந்த முறை வாசித்து, பதிலைத் தாளில் எழுதி, பின்னரே தட்டினேன். 10 நிமிடத்துக்குள் 14 கணனிகளில் 11 புதிய முகவரியுடன் இணையத்துக்கு வந்துவிட்டன.

பழைய முகவரியைத் துணையாகச் சேர்த்ததும் மீதி மூன்றும் வந்துவிட்டன; 4ஜி தொடர்ந்த அந்தச் சில நாட்களும் அவை ஒழுங்காகவே வேலை செய்ததால் நான் எதையும் கவனிக்கவில்லை. துணைமுகவரியை நீக்கியதும் அந்த மூன்றில் மட்டும் எந்த இணையத்தளமும் திறக்கவில்லை. எண்ணால் 8.8.8.8 ஐப் பிங் செய்தால் பதில் வந்தது. பெயரால் கேட்டால் இல்லை. முன்னர் யாரோ அவற்றில் டி.என்.எஸ். முகவரியை மட்டும் 192.168.1.1 என்று கையால் எழுதியிருக்கிறார்கள். துணைமுகவரி இருக்கும்வரை அந்தப் பிழை மறைந்திருந்தது. அதைத் தானாகப் பெறும்படி மாற்றியதும் சரியாயிற்று. இதே வேலையைச் செய்யப் போகும் வேறு யாராவது, துணைமுகவரியை நீக்கிய பின்னர் எல்லாக் கணனிகளையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுப் பின்னர் ஃபைபருக்குப் போவது நல்லது. உடனே ஃபைபரையும் மாற்றியிருந்தால், பிழை எந்தப் பக்கத்தில் என்று தெரியாமல் நான் திண்டாடியிருப்பேன்.

வைஃபை பெட்டியை ஏணி இல்லாமலே மாற்றினேன். சிசிரிவி பெட்டியில் ஐயா சொன்னபடியே கேற்வே இடம் வெறுமையாக இருந்தது. ஒரு கணனிக்கு 192.168.1.200 கொடுத்து உள்ளே போய்த் திருத்தினேன், திறந்திருந்த துறையையும் மூடிவிட்டேன். அச்சுப்பொறிக்குத்தான் நேரம் எடுத்தது. பொறியின் முகவரி மாறினாலும் ஒவ்வொரு கணனியிலும் அச்சுத்துறை பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்ததால், 14 இலும் துறையைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. இம்முறை எண்ணுக்குப் பதில் பெயரை எழுதினேன்.

ஃபைபர் நேற்று மாலை 3 மணிக்கு மாற்றப்பட்டது. தீச்சுவரின் வெளிமுகவரி 192.168.1.7 என்று வந்தது, உள்முகவரி 10.61.24.1 ஆகவே நின்றது. 4 மணிக்கு வந்த பிள்ளைகள் வழமைபோலச் சேவையகத்தைத் திறந்து வினாத்தாள்களை எடுத்துக்கொண்டார்கள். றவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிமுகவரி 100.72 என்று தொடங்குகிறது. ஆகவே பொது முகவரி கேட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதும்படி செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் வி.பி.என். பற்றித் தனி இழையில் கேட்கிறேன்.